குறி சுட ஒரு பழைய ராணுவ ரைஃபிள்: மோசினா, மௌசரா, லீ என்ஃபீல்டா?

பழைய ராணுவ போல்ட் ரைஃபிள் (ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட் என்ற பூட்டைக் கையால் திறந்து மூட வேண்டியது) ஒன்று வாங்கிக் குறி சுட ஆசை, எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் வயதைக் கேட்பேன். சிலர் முறைப்பார்கள். துப்பாக்கி வாங்க வயசு எதற்கு?

கண்ணுக்காகத்தான். குறி பார்க்க உதவும் உறுப்புக்கு சைட் என்று பெயர். இந்த ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றின் பின் சைட், குழலின் மேல், கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன வெட்டு. முன் சைட் அதையும் தாண்டி குழலின் நுனியில். குறி அட்டையோ 100 மீட்டருக்கு அப்பால். மூன்றையும் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்க எந்தக் கண்ணாலும் முடியாது. 20 வயதுக் கண் மூன்றுக்கும் நடுவில் ஓடி ஓடிச் சமாளித்துவிடும். 45 தாண்டிய கண்ணுக்கு அந்த வெட்டு பஞ்சு மாதிரி கலைந்துபோகும். வெட்டின் எந்த உயரத்தில் முன் சைட்டின் தலை நிற்கிறது என்பது புரியாவிட்டால் குண்டுகள் அட்டையில் மேலும் கீழுமாக ஏணி கட்டும். படிக்கிற கண்ணாடியைப் போட்டால் வெட்டு தெளியும், குறி காணாமல் போகும்.

இதற்கு மருந்து துளை சைட். கண்ணுக்கு வெகு அருகே, போல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன வட்டத் துளை. அதைப் பார்க்கவே வேண்டாம், அதன் வழியாகப் பார்த்தால் போதும். துளை சின்னதாக இருப்பதால் முன் சைட்டும் குறியும் இரண்டுமே ஓரளவு தெளிந்து நிற்கும். ஆக, சந்தையில் கிடைக்கும் ரைஃபிள்களை நாட்டு வாரியாகப் பிரிப்பதற்கு முன் நான் இப்படிப் பிரிப்பேன்: துளை சைட் உள்ளவை ஒரு பக்கம் (லீ என்ஃபீல்ட் நம்பர் 4, அமெரிக்க எம்1917, 1903ஏ3), வெட்டு சைட் உள்ளவை மறுபக்கம் (ரஷ்ய மோசின் நாகாந்த், ஜெர்மன் மௌசரான கார்98கே, ஸ்வீடனின் எம்/96, சுவிட்சர்லாந்தின் கே31, நம்பர் 4க்கு முந்தைய லீ என்ஃபீல்டான எஸ்எம்எல்இ). கண் நல்ல கண் என்றால் இந்தப் பிரிவை மறந்துவிடலாம்.

இரண்டாவது கேள்வி தோட்டா. ரைஃபிள் ஒரு தடவைதான் வாங்குகிறோம். தோட்டா வாங்குவது முடிவதே இல்லை. உங்கள் கைக்கு மாதா மாதம் எது வந்து சேரும் என்று விசாரித்துவிட்டு ரைஃபிளைப் பாருங்கள். எம்/96 சுடும் 6.5x55 இன்றும் வேட்டைத் தோட்டாவாக ஓடிக்கொண்டிருப்பதால் நார்மா, லப்புவா, செல்லியர் அண்ட் பெல்லோ எல்லாம் தயாரிக்கிறார்கள். அமெரிக்க ரைஃபிள்களின் .30-06 பற்றிச் சொல்லவே வேண்டாம். .303 (லீ என்ஃபீல்ட்), 7.92x57 (மௌசர்), 7.62x54ஆர் (மோசின்), 7.5x55 (கே31) நான்கையும் செர்பியாவின் ப்ர்வி பார்ட்டிசான் புதிதாகச் செய்கிறது. சுட்ட பிறகு மிஞ்சும் அதன் பித்தளைக் கூடுகளை மறுபடி நிரப்பிச் சுடவும் முடியும். ராணுவக் கிடங்கிலிருந்து வந்த பழைய தோட்டா மலிவு என்று ஒரு பேச்சு உண்டு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உரிமம், எத்தனை வைத்துக்கொள்ளலாம், எப்படிப் பூட்டி வைக்க வேண்டும் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு வேறு. காசு கொடுப்பதற்கு முன் அதையும், சுடப் போகிற ரேஞ்சின் விதியையும் படித்துவிடுங்கள். ரேஞ்சு விதியை யாரும் கவனிப்பதில்லை. பல இடங்களில் தோட்டாவின் முனையில் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். பழைய ராணுவக் குண்டுகளின் உறையிலோ உள்ளேயோ பல சமயம் இரும்பு இருக்கும், ஒட்டினால் வெளியே.

மோசின்: நான் ஏமாந்த கதை

என் முதல் ராணுவ ரைஃபிள் மோசின் நாகாந்த் எம்91/30. 1891இல் ரஷ்யா ஏற்றுக்கொண்ட வடிவம், 1930இல் திருத்தியது. நீளம் 1.23 மீட்டர், அதில் குழல் மட்டும் 73 சென்டிமீட்டர். துலா, இஷெவ்ஸ்க் ஆலைகளில் லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். விற்றவர் போல்ட், தோட்டா அடுக்கும் மேகசினின் மூடி, தோளில் பதியும் பட் தகடு எல்லாவற்றிலும் ஒரே எண் இருப்பதைக் காட்டினார். "எல்லாம் ஒரே பிறப்பு" என்றார். நானும் மயங்கிவிட்டேன்.

வீட்டில் வைத்து விளக்கடியில் பார்த்தபோதுதான் ஒரு எண்ணின் கீழே பழைய எண்ணை அடித்துவிட்டு மேலே புதிதாகப் பொறித்திருப்பது தெரிந்தது. போருக்குப் பிறகு சோவியத் கிடங்குகளில் ரைஃபிள்களைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்து, கையில் கிடைத்த போல்ட்டைப் பொருத்தி, எண்ணை மாற்றிப் பொறித்துவிட்டார்கள். அது மோசடி அல்ல, அவர்களுடைய வேலை முறை. பிறப்புக் கதையை நம்பியது என் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, எண்களைப் பார்த்த நேரத்தில் குழலைப் பார்க்காமல் விட்டது. 100 மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு சாணுக்குள் அடங்கவில்லை.

நல்ல குழல் உள்ள மோசின் நன்றாகவே சுடும். ஆனால் குறி சுடுபவருக்கு அதோடு ஒட்டிக்கொண்டு வரும் தொல்லைகள் மூன்று. முதலாவது போல்ட். கைப்பிடி குட்டை, தூக்க வேண்டியது 90 டிகிரி, தூக்கும்போதே ஸ்பிரிங்கையும் இழுக்க வேண்டும். கிடங்கில் பூசிய காஸ்மோலின் என்ற கிரீஸ், தோட்டா உட்காரும் சேம்பருக்குள் காய்ந்திருந்தால் பத்துத் தோட்டாவுக்குப் பிறகு கூடு அப்படியே ஒட்டிக்கொள்ளும், உள்ளங்கையால் குத்தித்தான் திறக்க வேண்டும். சேம்பரை நல்ல சால்வென்ட் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் பெரும்பாலும் தீரும். இரண்டாவது, பயனெட் (குழல் முனையில் மாட்டும் கத்தி) மாட்டிய நிலையில்தான் இதைக் குறி சரிபார்த்தார்கள். கழற்றிவிட்டால் குண்டு விழும் இடம் மாறும், 100 மீட்டரில் மேலேயும் ஏறும். முன் சைட் ஒரு வளையத்துக்குள் நிற்கும் மெல்லிய கம்பி என்பதால் இதற்கு ஒரு எளிய வழி உண்டு: மின்கம்பியின் பிளாஸ்டிக் உறையைச் சின்னதாக வெட்டி அந்தக் கம்பியின் மேல் செருகுங்கள். கம்பி உயரும், குண்டு இறங்கும். சரியான உயரம் கிடைக்கும்வரை பிளேடால் சீவிக்கொண்டே வரலாம். மூன்றாவது உதை. பட்டில் இரும்புத் தகடு, தோளில் வைக்கும் மரக்கட்டையும் குட்டை. 40 தோட்டா சுட்ட பிறகு தோள்பட்டை கணக்குக் கேட்கும்.

மோசின்தான் வேண்டும் என்று மனசு அடம் பிடித்தால் பின்லாந்தின் எம்39ஐத் தேடுங்கள். ரஷ்ய ரைஃபிளின் உடலை எடுத்து, நல்ல குழலும் கனமான கட்டையும் பக்கவாட்டில் திருகித் திருத்தக்கூடிய முன் சைட்டும் போட்டுக் கட்டியது. விலை எம்91/30க்குப் பக்கத்திலேயே வராது.

கார்98கே

மௌசர் 98 அமைப்பைப் பற்றி இரண்டு கருத்து கிடையாது. போல்ட்டைப் பூட்ட முன்னால் இரண்டு காதுகள், அவை முறிந்தாலும் காக்கப் பின்னால் மூன்றாவது, மேகசினை விட்ட நொடியிலிருந்து தோட்டாவைப் பிடித்துக்கொள்ளும் எக்ஸ்ட்ராக்டர் என்ற அகலமான கொக்கி, கூடு கிழிந்தால் வாயுவை வெளியேற்றத் துளைகள். இன்றைய வேட்டை ரைஃபிள்களில் பாதி இதன் பேரப்பிள்ளைகள்.

ஆனால் குறி சுட வாங்குபவருக்கு இது கொஞ்சம் வீண் செலவு. 1935இல் வந்த ஜெர்மன் கார்98கேயின் விலையில் பெரும்பங்கு, மேலே பொறித்த முத்திரைகளுக்கானது. முத்திரைக்கு விலை இருக்கும் இடத்தில் போலி முத்திரையும் இருக்கும். சைட்டோ, V வெட்டுக்குள் தலைகீழ் V. போர்க்களத்தில் சட்டென்று பிடிக்க நல்லது, அட்டையில் நுணுக்கமாக உயரம் பிடிக்க நல்லதில்லை. மௌசர் அமைப்புதான் வேண்டும் என்றால் யூகோஸ்லாவிய எம்48ஓ செக்கோஸ்லோவாகிய விஇசட்.24ஓ பாருங்கள், அதே 7.92x57 தோட்டாதான். அப்புறம் ஒரு எச்சரிக்கை. ஜெர்மனி 1905 வாக்கில் குண்டின் விட்டத்தை .318 அங்குலத்திலிருந்து .323க்கு மாற்றியது. அதற்கு முந்தைய 1888 மாடல் ரைஃபிள்களில் மாற்றாமல் விடப்பட்ட குழலும் உண்டு. அதில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது.

லீ என்ஃபீல்ட் நம்பர் 4

எனக்குப் பாரபட்சம் உண்டு, முன்பே சொல்லிவிடுகிறேன்.

போல்ட்டைத் தூக்க 60 டிகிரி போதும். ஸ்பிரிங்கை இழுப்பது போல்ட்டை மூடும்போதுதான், அதனால் கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்றலாம். மேகசினில் பத்து. பின் சைட் துளை. மார்க் 1இல் வந்த நல்ல வகை சைட்டில் ஒரு சின்னச் சக்கரத்தைத் திருகினால் 200 கெஜத்திலிருந்து 1,300 கெஜம்வரை 'டிக் டிக்' என்று ஏறும். போர் அவசரத்தில் வந்தவற்றில் 300, 600 என்று இரண்டே துளை உள்ள மடக்குத் தகடு இருக்கும். குறி சுடச் சக்கரம் உள்ளதே வேண்டும். பல ரைஃபிள்களில் மாற்றிப் போட்டுக்கொள்ளவும் முடியும். இங்கிலாந்தில் ஃபசாக்கர்லி, மால்ட்பி, ஷர்லி, கனடாவில் லாங் பிராஞ்ச், அமெரிக்காவில் சாவேஜ் ஆகிய இடங்களில் செய்தார்கள். குழலுக்குள் குண்டைச் சுழற்றும் பள்ளங்களான புரி ஐந்து இருப்பது வழக்கம், போர்க்காலத்தில் இரண்டே புரி போட்டவையும் உண்டு. இரண்டு புரி என்று ஒதுக்காதீர்கள், நன்றாகவே சுடுகின்றன.

குறை இல்லாமல் இல்லை. .303 தோட்டா விளிம்புள்ளது. அடியில் உள்ள அந்த விளிம்புதான் தோட்டாவைச் சேம்பரில் நிறுத்தும். சேற்றிலும் ஏறட்டும் என்று சேம்பரின் முன்பகுதியைத் தாராளமாகக் குடைந்திருப்பார்கள். சுடும்போது பித்தளைக் கூடு அந்தத் தாராளத்துக்கு ஏற்ப நீளும். ஒரே கூட்டை நான்கைந்து தடவை அச்சில் போட்டு முழுக்கச் சுருக்கி மறுபடி நிரப்பினால் அடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே மெலிந்து ஒருநாள் அறுந்துவிடும். எனக்கு அறுந்தது. போல்ட்டைத் திறந்தேன், அடிப்பகுதி மட்டும் வந்து விழுந்தது. மீதிக் குழாய் சேம்பரிலேயே நின்றது, அடுத்த தோட்டா பாதியோடு முட்டிக்கொண்டது. அன்றைய சுடுதல் அத்தோடு முடிந்தது. இப்போது கழுத்தை மட்டும் சுருக்கி நிரப்புகிறேன். நிரப்புவதற்கு முன் நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கூட்டுக்குள் விட்டு உள்சுவரில் வருடிப் பார்க்கிறேன். பள்ளம் நெருடினால் கூடு குப்பைக்கு.

போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவை நிறுத்தும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் ஹெட்ஸ்பேஸ். அதைத் திருத்த நம்பர் 4இல் போல்ட்டின் தலையை மட்டும் மாற்றலாம். 0, 1, 2, 3 என்று எண் போட்ட தலைகள், எண் கூடக் கூட நீளம் கூடும். வாங்கும்போது அந்த எண்ணைப் பாருங்கள். 3 என்றால் இதற்கு மேல் திருத்த இடமில்லை. கேஜ் என்ற அளவுக்கட்டை வைத்து அந்த இடைவெளியைச் சோதித்துப் பார்க்காமல் எடுக்காதீர்கள். உடலில் 'டிபி' என்று பொறித்திருந்தால் பேச்சே வேண்டாம். அது பயிற்சிக்கூடத்தில் கவாத்துக்கு வைத்திருந்தது, சுடத் தகுதியில்லை என்று ராணுவமே ஒதுக்கியது.

கட்டையும் இதற்கு முக்கியம். முன்கட்டை குழலின் முனையை லேசாக மேல்நோக்கித் தாங்க வேண்டும், பின்பக்கம் உடலோடு இறுக உட்கார வேண்டும். பல வருஷம் எண்ணெய் காணாத மரம் சுருங்கி, இரண்டும் தளர்ந்துபோயிருக்கும். குழல் கண்ணாடி மாதிரி இருந்தும் குண்டு சிதறுகிறது என்றால் சந்தேகம் முதலில் மரத்தின் மேல்.

எம்1917க்கு இங்கேயே இடம் கொடுத்துவிடலாம். அதே மாதிரி மூடும்போது இழுக்கும் போல்ட், துளை சைட், ஆனால் முன்னால் பூட்டும் மௌசர் வகை அமைப்பும் .30-06 தோட்டாவும். வின்செஸ்டர், ரெமிங்டன், எடிஸ்டோன் மூன்று ஆலைகளிலும் சேர்ந்து 20 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பின் சைட்டைப் பக்கவாட்டில் திருப்ப முடியாது என்பதுதான் எரிச்சல். கனமும் ஜாஸ்தி. .30-06தான் சுலபமாகக் கிடைக்கிறது என்றால் நம்பர் 4க்குப் பதில் இதைச் சொல்வேன். இன்னொரு அமெரிக்க ரைஃபிளான 1903 ஸ்பிரிங்ஃபீல்டைத் தேடிப் போனால் வரிசை எண்ணைப் பாருங்கள். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் 8,00,000க்குக் கீழும், ராக் ஐலண்ட் ஆலையில் 2,85,507க்குக் கீழும் உள்ளவற்றின் எஃகைக் கண்மதிப்பில் சூடேற்றியதால் சில நொறுங்கியிருக்கின்றன. சுவரில் மாட்ட அழகு, சுட வேண்டாம்.

எம்/96, கே31

துல்லியம் மட்டும் போதும் என்பவருக்கு இந்த இரண்டும்தான். ஸ்வீடனின் எம்/96க்கு 74 சென்டிமீட்டர் குழல், 6.5 மில்லிமீட்டரில் சுமார் 10 கிராம் எடையுள்ள நீளமான குண்டு. உதை மற்ற எல்லாவற்றையும்விடக் குறைவு, அதனால் ஐம்பதாவது தோட்டாவிலும் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கும் பழக்கம் வராது. பட்டின் வலப்பக்கம் ஒரு வட்டப் பித்தளைத் தகடு இருக்கும். குழலின் விட்டம், உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் ஆயுதச் சாலைக்காரர் அதில் முக்கோணமாகக் குறித்து வைத்திருப்பார். ஒரு ரைஃபிள் தன் மருத்துவச் சீட்டைச் சட்டையில் குத்திக்கொண்டு வருவதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அதற்காக அதை மட்டும் நம்பாதீர்கள், சீட்டு எழுதிப் பல பத்தாண்டு ஆகியிருக்கும். சைட் 300 மீட்டரில்தான் தொடங்கும், 100 மீட்டரில் மேலே போகும். உயரமான முன் சைட் கிடைக்கிறது. குறி சுடவென்றே செய்த துளை சைட்டுகளும் இதற்கு உண்டு. கண் மங்கியவர்களுக்கு அது ஒரு வாசல். அமைப்பு மௌசர் 98க்கு முந்தையது, காவலுக்கான மூன்றாவது காது கிடையாது. ஆகையால் மிதமான தோட்டாவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கே31இன் போல்ட்டைத் திருக வேண்டியதில்லை, நேராக இழுத்து நேராகத் தள்ளினால் போதும். 1933இலிருந்து 1958வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். விசையின் முதல் கட்டம் வழுக்கிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நிற்கும், அங்கிருந்து கண்ணாடிக் குச்சி முறிகிற மாதிரி விடும். இந்தப் பட்டியலில் இதற்கு இணையான விசை இல்லை. சுவிஸ் ராணுவத்தின் ஜிபி11 தோட்டா கையில் இருந்தால் அட்டையில் குண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று விழும். அந்தக் கையிருப்பு தீர்ந்துகொண்டே போவதும், அதன் கூட்டைச் சாதாரண முறையில் மறுபடி நிரப்ப முடியாததும்தான் சிக்கல். பட்டின் அடிப்பாகம் பனியிலும் சேற்றிலும் அடிபட்டுக் கறுத்திருக்கும். அதைப் பார்த்துப் பின்வாங்கியவர்கள் நல்ல குழலைக் கைவிட்டவர்கள். பட் தகட்டைக் கழற்றினால் சில சமயம் அந்த ரைஃபிளை வைத்திருந்த சிப்பாயின் பெயர்ச் சீட்டு மடித்து வைத்திருக்கும். சுடுவதற்கு அதனால் ஒரு லாபமும் இல்லை, ஆனாலும் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது அதைத்தான்.

எதைப் பார்த்து எடுப்பது

எந்த ரைஃபிளானாலும் போல்ட்டைக் கழற்றி, பின்பக்கம் விளக்கு வைத்துக் குழலைப் பாருங்கள். லேசாகக் கறுத்திருந்தால் பரவாயில்லை, புரியின் விளிம்பு கூர்மையாக நிற்கிறதா என்பதே கேள்வி. பிறகு முனை. நூறு வருஷம் முன்பக்கமிருந்து கம்பி விட்டுத் துடைத்துத் துடைத்து முனைதான் முதலில் தேயும். மருந்தில்லாத டம்மி தோட்டாவின் குண்டை முனையில் செருகிப் பாருங்கள். கூட்டின் வாய்க்கும் குழலுக்கும் நடுவே குண்டின் செம்பு நன்றாகத் தெரிந்தால் நல்லது. கூடு வரைக்கும் உள்ளே போய்விட்டால் தேய்மானம். சில மோசின்களில் தேய்ந்த முனையை உள்ளே கொஞ்சம் அகலக் குடைந்து விட்டிருப்பார்கள், அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. யாராவது கட்டையை அறுத்து வேட்டை ரைஃபிள் ஆக்கியிருந்தால் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள், விலை சரியும். குழல் நன்றாக இருந்தால் சுடுபவருக்கு அது யோகம்.

இப்போது அந்த மலிவுத் தோட்டா. பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் ப்ரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்ட பிறகு அது உப்பாகக் குழலுக்குள் படியும், காற்றின் ஈரத்தை இழுக்கும், நாலு நாளில் துரு. எண்ணெயால் அந்த உப்பு கரையாது, தண்ணீர்தான் வேண்டும். ரேஞ்சிலிருந்து கிளம்பும் முன்பே சேம்பர் வழியாக வெந்நீர் ஊற்றி, காயத் துடைத்து, அப்புறம் எண்ணெய் விட வேண்டும். போல்ட்டின் முகத்தையும் கழுவ வேண்டும். செய்வேன் என்றால் வாங்குங்கள். சோம்பேறி என்றால் புதிய தோட்டாவே முடிவில் மலிவு.

போன மாதம் 52 வயது நண்பர் ஒருவரோடு தேடப் போனேன். மனதில் கார்98கே வைத்திருந்தார். அதன் V வெட்டு வழியாக எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைக் குறி பார்த்தவர் ஒன்றும் பேசாமல் கீழே வைத்துவிட்டார். அடுத்து எடுத்த நம்பர் 4இல் போல்ட்டின் தலையில் 3, கடைக்காரரிடம் கேஜ் இல்லை. மூன்றாவதில் 1, குழல் கறுப்பு, ஆனால் விளிம்பு கூர்மை. அதை எடுத்தார். பின் சைட் 300, 600 மடக்குத் தகடுதான். முதல் நாள் 100 மீட்டரில் ஐந்து குண்டும் ஓர் உள்ளங்கைக்குள் விழுந்தன, ஆனால் குறிக்கு ஏறக்குறைய ஒரு சாண் மேலே. "தப்பா ஒண்ணு வாங்கிட்டேனா?" என்றார். சைட் 300 கெஜத்துக்கானது, முன் சைட் தகட்டில் உயரத்துக்கு ஏற்ப எண் பொறித்து விதவிதமாக வரும், இதைவிட உயரமான எண்ணாகப் பார்த்து வாங்குங்கள் என்றேன். தகடு வந்து சேரும்வரை அட்டையின் அடி விளிம்பைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டிருக்கிறார்.